பூவுக்குப் பின்னால் என்ன இருந்தது

நான் முதன்முதலாக லென்ஸ் வழியாக நெருங்கிப் பார்த்தது பூவை அல்ல, ரவையில் இருந்த ஒரு வண்டை.

காமிரா என் தங்கையின் கணவர் கொடுத்தது. அவர் விமானப்படையில் இருந்தார். யாரோ நண்பரிடமிருந்து ஒரு ஜப்பான் காமிராவை வாங்கினார். இரண்டு கல்யாணங்களில் வந்தவர்கள் தலையையெல்லாம் பாதியோடு வெட்டி எடுத்துவிட்டு, "இதுக்குப் பொறுமை வேணுமுங்க அக்கா, எனக்கு அது இல்லை" என்று என் கையில் கொடுத்துவிட்டார். எனக்கும் முதலில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுபதுகளின் கடைசி. நானும் கணவரும் ஆர்.கே.புரத்தில் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். குழந்தை இல்லை. நான் ஓர் அலுவலகத்தில் ஸ்டெனோ. அவர் ராணுவம் சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. டெல்லிக்கு வந்து எட்டு வருஷமாகியும் எங்கள் இருவர் வாயிலிருந்தும் ஈரோட்டு 'ங்க' போகவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லென்ஸைத் திருகிக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் முறத்தில் உப்புமாவுக்கு ரவை. தூசி போயிற்றா என்று லென்ஸைக் கண்ணருகே கொண்டுபோனபோது அது முன்பின்னாகத் திரும்பியிருந்திருக்கிறது. திடீரென்று கற்குவியல் நடுவே ஒரு பிராணி நடந்து வந்தது. கால்களில் முள் முள்ளாக ரோமம், முகத்தில் நீண்ட மூக்கு. பயந்து லென்ஸை எடுத்துவிட்டுப் பார்த்தால் எள்ளளவு வண்டு. மறுபடி லென்ஸ் வழியாகப் பார்த்தேன். அன்று உப்புமா ஆக ரொம்ப நேரமாயிற்று.

அதற்குப் பிறகு லென்ஸைப் பின்பக்கமாகத் திருப்பி, காமிராவின் வாயில் கையால் அழுத்திப் பிடித்து, இடுக்கில் வெளிச்சம் புகாதபடி பழைய கறுப்புக் கம்பளித் துணி ஒன்றைச் சுற்றிக்கொண்டு படம் எடுக்கப் பழகினேன். இப்படிப் பிடித்தால் பூவுக்கு நாலு விரற்கடை தூரத்தில் போய் நிற்க வேண்டும். ஃபோகஸ் செய்ய எதையும் திருக முடியாது. நாம்தான் முன்னும் பின்னும் அசைய வேண்டும். மூச்சு விட்டால் பூ மங்கிவிடும். காற்று அடித்தால் பூ ஓடிவிடும். ஆனால் அந்த ஒரு கணம், எல்லாம் நின்று, மகரந்தத்தாளின் நுனி மட்டும் ஊசிபோலத் தெளிந்து, சுற்றியிருப்பதெல்லாம் பாலில் கரைந்ததுபோல ஆகிவிடுமே, அப்போது எனக்கு அலுவலகம் கிடையாது, டைப்ரைட்டர் கிடையாது, "ஏன் இன்னும் விசேஷம் இல்லை" என்று ஊரிலிருந்து வரும் கடிதங்கள் கிடையாது. அந்தப் பூவும் நானும்தான்.

கறுப்பு வெள்ளை பிலிம்தான். பூவைக் கறுப்பு வெள்ளையில் எடுக்கிறவள் பைத்தியம் என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். நிறம் போனால்தான் பூவின் நரம்பும், அடியில் உள்ள பூனைமுடியும், பனித்துளிக்குள் தலைகீழாகத் தொங்கும் இன்னொரு பூவும் தெரியும் என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது? எதை எப்படி எடுத்தேன் என்பதை ஒரு சின்ன நோட்டில் எழுதி வைப்பேன். பூ, வெளிச்சம், லென்ஸின் வாய் எவ்வளவு, எத்தனை நேரம் திறந்தது என்று இரண்டு எண்கள், ஏதாவது ஒரு குறிப்பு. படம் கழுவி வந்ததும் எந்த எண்ணுக்கு எது சரியாக வந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க.

என் கணவருக்கு இதில் எதிர்ப்பு இல்லை, பயம் இருந்தது. அவர் எதற்கும் பயப்படுகிறவர். பஸ்ஸில் யாராவது சண்டை போட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவார். அலுவலகத்தில் என்ன வேலை என்று என்னிடம்கூடச் சொன்னதில்லை. நான் காமிராவைத் தூக்கினால் ஒரே வாக்கியம்தான்: "பார்த்து எடு புள்ள. எதுக்கு வம்பு."

பிப்ரவரி கடைசியில் டெல்லி வேறு ஊராகிவிடும். சாணக்யபுரியில் தூதரகங்கள் இருக்கும் சாலைகளில், ஒவ்வொரு ரவுண்டானாவிலும் பாப்பியும் பான்ஸியும் டேலியாவும் பாத்தி பாத்தியாகப் பூத்திருக்கும். எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நடை. அந்த ஞாயிற்றுக்கிழமை பனி காய்வதற்குள் போய்விட வேண்டுமென்று ஆறரைக்கே கிளம்பிவிட்டேன். ஸ்வெட்டருக்கு மேல் ஷாலை முடிந்துகொண்டு, ஒரு ரவுண்டானாவின் ஈரப்புல்லில் குப்புறப் படுத்தேன். எதிரே ஒரு பாப்பி மொட்டு, பச்சை ஓட்டைப் பிளந்துகொண்டு பாதி வெளியே வந்திருந்தது. கசங்கிய பட்டுத் துணியை யாரோ பெட்டிக்குள்ளிருந்து உருவுகிறமாதிரி இருந்தது. எத்தனை நேரம் அப்படியே கிடந்தேனோ தெரியாது.

பூவுக்குப் பக்கத்தில் ஒரு பூட்ஸ் வந்து நின்றது. அப்புறம் இன்னொன்று.

நிமிர்ந்தால் இரண்டு போலீஸ்காரர்கள். இந்தியில்தான் பேசினார்கள், நானும் என் இந்தியில்தான் பதில் சொன்னேன்.

"என்ன செய்கிறாய் இங்கே?"

"பூவைப் படம் எடுக்கிறேன், பாய் சாப்."

பெரியவர் சாலைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். அப்போதுதான் பார்த்தேன். பாப்பிக்கு நேர் பின்னால் ஒரு தூதரகத்தின் இரும்பு கேட். காவல் கூண்டில் நின்றவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன்தான் சொல்லியனுப்பியிருக்கிறான்.

"கேட்டைப் பார்த்து அரைமணி நேரமாகப் படுத்திருக்கிறாயாம். பூவைப் பார்க்க அரைமணியா? இது என்ன, துணியைச் சுற்றி ஒளித்து வைத்திருக்கிறாய்?"

துணியை அவிழ்த்தேன். லென்ஸ் தனியாக என் கையோடு வந்துவிட்டது. அதுதான் தப்பாகப் போயிற்று. லென்ஸ் திருப்பி வைத்த காமிராவை அவர்கள் பார்த்ததே இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சலோ, நட ஸ்டேஷனுக்கு," என்றார் பெரியவர்.

காவல் நிலையத்தில் இருந்த அதிகாரிக்கு ஜலதோஷம். கழுத்தில் மஃப்ளரோடு உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டே கேள்வி கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். கஷ்டம் என்னவென்றால் நான் உண்மையைச் சொல்லச் சொல்ல நிலைமை மோசமாகிக்கொண்டே போனது. கணவருக்கு எங்கே வேலை? சொன்னேன். அவர் பேனாவை எடுத்தார். காமிரா யாருடையது? விமானப்படையில் இருக்கும் தங்கை கணவருடையது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பையில் வேறென்ன இருக்கிறது? நோட்டு. அதைத் திறந்து புரட்டினார். அவருக்குப் புரியாத எழுத்து. ஒவ்வொரு வரியிலும் இரண்டிரண்டு எண்கள்.

"இது என்ன பாஷை?"

"தமிழ், சார். மதராசி."

"இந்த எண்களெல்லாம்?"

"வெளிச்சக் கணக்கு, சார்."

என் வாயிலிருந்து வந்தது எனக்கே பொய் மாதிரிக் கேட்டது.

ஒரு கான்ஸ்டபிளை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். முக்கால் மணி நேரத்தில் கணவர் வந்து சேர்ந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார், கையில் அலுவலக அடையாள அட்டை. பயத்தில் உதடு வெளுத்திருந்தது. என்னைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து நின்று, "குளிருதா?" என்றார். அவ்வளவுதான்.

அதிகாரி நோட்டைத் தட்டிக்கொண்டே, "இதைப் படிக்க ஓர் ஆள் வேண்டும். இவர்கள் இருவரும் இல்லாமல்" என்றார். கான்ஸ்டபிள் யோசித்துவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். வராந்தாவைப் பெருக்கிக்கொண்டிருந்த பெண் விளக்குமாற்றோடு வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். ஜங்புராப் பக்கம் மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து பெருக்கிவிட்டுப் போகிறவள் என்று அப்புறம் தெரிந்தது.

"தமிழ் படிக்கத் தெரியுமா?"

"அஞ்சாவது வரைக்கும் படிச்சேன் சார்," என்றாள் இந்தியில்.

விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கினாள். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டித்தான் படித்தாள். தமிழில் ஒருமுறை, இந்தியில் ஒருமுறை.

"செம்பருத்தி. மேகம். எட்டு. அறுபது. ஆடிப்போச்சு." அதிகாரியைப் பார்த்தாள். "பூ சார்."

"மேலே படி."

"மஞ்சப் பூ, பேர் தெரியலை. வெயில். பதினாறு. நூத்திருபத்தஞ்சு. எறும்பு நகர்ந்திருச்சு. சனியன்."

அதிகாரியின் பேனா நின்றது. "சனியன் கௌன் ஹை? அது யார் பெயர்?"

அவள் என்னைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஆள் இல்ல சார். திட்டு. எறும்பைத் திட்டியிருக்காங்க."

கான்ஸ்டபிள் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. அவள் பக்கத்தைத் திருப்பினாள். தமிழில் என்னிடம், "என்னக்கா நீ, வெறும் பூவா எழுதி வெச்சிருக்க?" என்று முணுமுணுத்துவிட்டு அடுத்த வரிக்கு விரலைக் கொண்டுபோனாள்.

"ஊதாக் கொடி. தங்கச்சி ஊர். கம்பி வேலி."

இரண்டு வாரம் முன்பு தங்கையைப் பார்க்கப் போயிருந்தேன். அவர்கள் இருந்தது விமானப்படைக் குடியிருப்பு. காலையில் தனியாக நடந்துபோனபோது, குடியிருப்பின் கடைசியில் முள்கம்பி வேலி மேல் ஊதா நிறத்தில் புனல் போலப் பூக்கும் ஒரு கொடி படர்ந்திருந்தது. மூன்று படம் எடுத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது? எவ்வளவு நினைத்தும் வரவில்லை. பெரிதாக ஏதோ கொட்டகை மாதிரி. வேறொன்று மட்டும் தெளிவாக நினைவுக்கு வந்தது. கை ஆடாமல் இருக்க முழங்கையை ஒரு கம்பத்தில் ஊன்றிக்கொண்டேன். அந்தக் கம்பத்தில் ஒரு தகரப் பலகை அடித்திருந்தது. படம் எடுக்கக் கூடாது என்ற பலகை. அதன் மேலேயே கையை ஊன்றிக்கொண்டுதான் படம் எடுத்திருக்கிறேன்.

அந்த மூன்று படமும் காமிராவில் இருந்த இந்தச் சுருளில்தான் இருந்தன.

"எந்த வேலி?" என்றார் அதிகாரி.

தோட்ட வேலி என்று சொல்லியிருக்கலாம். கணவரின் முகத்தைப் பார்த்தேன். அவர் இப்போதும் ஏதும் தெரியாமல் நின்றிருந்தார். எப்படியும் பிலிமைக் கழுவத்தான் போகிறார்கள். அப்போது வெளிவந்தால் இருவர் வேலையும் போகும், தங்கை கணவருக்கும் ஆபத்து. நானே சொல்லிவிடுவது மேல் என்று தோன்றியது. சொன்னேன். விமானப்படைக் குடியிருப்பு, வேலி, பலகை, எல்லாம்.

"புள்ள..." என்றார் கணவர் மெதுவாக. கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி சுருளைக் கான்ஸ்டபிளிடம் கொடுத்தார். "மார்க்கெட்டில் அந்த ஸ்டூடியோ திறந்திருக்கும். கழுவி, எல்லாவற்றையும் பிரிண்ட் போட்டு, நீயே பக்கத்தில் நின்று வாங்கிக்கொண்டு வா. ஜல்தி."

இரண்டரை மணி நேரம். பெஞ்சில் நானும் கணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். பெருக்குகிற பெண் இரண்டு கண்ணாடித் தம்ளரில் டீ கொண்டுவந்து வைத்தாள். கணவர் என் காதருகே குனிந்து, "அந்தப் பக்கம் என்ன இருந்துச்சு? ப்ளேனா?" என்றார்.

"சத்தியமாத் தெரியலீங்க. நான் பூவத்தானுங்க பார்த்தேன்."

"இவ்ளோ பெரிய ப்ளேன் நின்னா தெரியாதா புள்ள?"

"தெரியாதுங்க."

அவர் நம்பினாரா என்று தெரியாது. என் டீ ஆறிப்போனது. பிலிம் கழுவுகிற அறையில் இந்நேரம் என்ன தெரிய ஆரம்பித்திருக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் அப்பாவுக்கு என்ன என்று எழுதுவது, குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னால் எங்கே போவது என்று மனம் எங்கெங்கோ போயிற்று. லென்ஸைத் திருப்பிப் பிடித்தால் பின்னால் இருப்பதெல்லாம் கரைந்துபோகும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். நூறு படத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு விமானம்கூடக் கரையுமா என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

கான்ஸ்டபிள் திரும்பி வந்தபோது பிரிண்டுகள் இன்னும் ஈரமாக இருந்தன. அதிகாரி மேஜையில் இருந்த ஃபைல்களை ஒதுக்கிவிட்டு அவற்றை வரிசையாகப் பரப்பினார். முப்பத்தாறு சின்னப் படங்கள். ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். நான் தலைகீழாகத்தான் பார்த்தேன், அவர் பக்கமாக இருந்ததால்.

பூ. பூ. மங்கிய பூ. எறும்பின் பின்பாதி. பனித்துளி. பூ.

ஊதாக் கொடியின் படத்தை அவர் கையில் எடுத்தார். ஜன்னலருகே போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பூவின் உட்புறம், தொண்டைக்குள் இறங்குகிற கோடுகள், வெள்ளை மகரந்தம், விளிம்பில் ஒரு சின்னக் கிழிசல். எல்லாம் தெளிவு. பின்னால் வெறும் சாம்பல் நிறம். மேலே கொஞ்சம் வெளிர், கீழே கொஞ்சம் கறுப்பு. வேலிகூடத் தெரியவில்லை. முள்கம்பி ஒரு மெல்லிய நிழலாகக் குறுக்கே போயிருந்தது; அதைச் சொன்னால்தான் தெரியும்.

"இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது?" என்றார்.

"எனக்குத் தெரியாது, சார்."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தும்மினார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் தெரியவில்லை" என்றார். "எந்த நாட்டுக்காரனுக்கு இதை அனுப்பினாலும் அவன் உனக்கு வேலை கொடுக்கமாட்டான்."

கணவர் சிரித்தார். அது சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம்.

வேலி அருகே எடுத்த மூன்று நெகட்டிவையும் அதிகாரி கத்தரித்து ஒரு கவரில் போட்டுத் தானே வைத்துக்கொண்டார். அதில் தப்புச் சொல்ல என்ன இருக்கிறது? தூதரகம் இருக்கிற சாலையிலும் பலகை இருக்கிற இடத்திலும் இனிமேல் காமிராவை எடுக்கமாட்டேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினார். அலுவலகத்துக்கு எழுதப்போவதில்லை என்று தானாகவே சொன்னார். காமிரா, நோட்டு, மீதிப் பிலிம், பிரிண்டுகள் எல்லாம் திரும்பி வந்தன.

கிளம்பும்போது கான்ஸ்டபிள் தயங்கித் தயங்கி, "மேடம், ஸ்டூடியோக்காரர் ஒன்று கேட்டார். அந்தப் பாதி திறந்த மொட்டு இருக்கிறதே, அதைப் பெரிதாகப் போட்டு அவர் கடைக் கண்ணாடியில் மாட்டிக்கொள்ளலாமா என்று" என்றார். சரி என்றேன். பெருக்குகிற பெண் வாசலில் நின்றிருந்தாள். நோட்டைப் படித்ததற்கு அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் கையைப் பிடித்துக்கொண்டேன். "போய் சாப்பிடுக்கா, மூஞ்சே சரியில்ல" என்றாள். அவளுக்கு ஒரு பிரிண்ட் கொடுத்தேன். அவளே தேர்ந்தெடுத்தாள். பூவை எடுக்கவில்லை, எறும்பின் பின்பாதியை எடுத்துக்கொண்டாள்.

வெளியே வந்தால் நல்ல வெயில். ஓடவேண்டும் போல இருந்தது. மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. பஸ் நிறுத்தத்தில் ஒரு தள்ளுவண்டிக்காரனிடம் பிரட் பக்கோடா வாங்கித் தின்றோம். நான் மூன்று தின்றேன். இவர்தான் முதலில் ஆரம்பித்தார்.

"சனியன் கௌன் ஹை," என்றார் அதிகாரியின் குரலில்.

அவ்வளவுதான். இருவரும் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியவில்லை. பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது.

அதற்கடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் காமிரா அலமாரியில் இருந்தது. எனக்கு ஆசை இருந்தது, கேட்கத்தான் கூச்சம். மூன்றாவது வாரம் அவரே, "லோடி கார்டன்ல தூதரகம் ஒண்ணும் கிடையாதுல்ல?" என்றார். கூடவே வந்தார். நான் புல்லில் படுத்ததும் பக்கத்தில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு காவல்காரர்போல நின்றார். யாராவது கடந்துபோனால், கேட்காமலே, "ஃபூல் கா ஃபோட்டோ ஹை ஜி", பூவைத்தான் எடுக்கிறாள், என்று சொல்லிவிடுவார். இரண்டு மூன்று வாரத்தில் அலுத்துப்போய் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். அப்புறம் ஒருநாள், "இங்க வா, இது என்ன பூ?" என்று அவரே கூப்பிட்டார். புல்லுக்குள் மூக்குத்திக் கல் அளவுக்கு ஒரு நீலப் பூ. அன்றைக்கு எடுத்ததில் அதுதான் நல்ல படம்.

அந்தக் கோடையில் விடுப்பு எடுத்துக்கொண்டு குமாவுன் மலைப்பக்கம் போனோம். எங்கள் முதல் பயணம். ஊருக்குப் போவதைத் தவிர வேறெங்கும் அதற்குமுன் போனதில்லை. மலைப்பாதையில் பஸ் ஒரு டீக்கடை முன் நின்றது. நான் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தேன். பாறை இடுக்கில், தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த இடத்தில், வெள்ளையாக ஒரு பூ. உள்ளே பச்சைப் புள்ளிகள். பெயர் இன்றுவரை தெரியாது. பாறையில் சாய்ந்து லென்ஸைத் திருப்பிப் பிடித்தேன். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. கண்டக்டர் கதவைத் தட்டிக் கத்தினான். பயணிகள் ஜன்னல் வழியாக என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது இவர் குரல் கேட்டது. பஸ்ஸுக்கு முன்னால், சாலையின் நடுவில் நின்றுகொண்டு, இரண்டு கையையும் விரித்து, "ஏக் மினட் பாய் சாப்! ஏக் மினட்! காத்து நிக்கட்டும்!" என்று பாதி இந்தியிலும் பாதி தமிழிலும் கத்திக்கொண்டிருந்தார். டிரைவர் தலையில் அடித்துக்கொண்டான். அவர் நகரவில்லை.

காற்று நிற்கவில்லை. நான்கு தடவை அழுத்தினேன், நான்கிலும் பூ ஆடிவிட்டது. சிரிப்பில் என் கையும் ஆடியிருக்கலாம்.